எழும்பூரில் 8 வயது சிறுவன் வாத்தியார் ஆன கதை: யார் இந்த ஆண்ட்ரூ பெல்?

தெரிந்த மாணவன், தெரியாத மாணவனுக்கு எழுதச் சொல்லித் தருவது இன்று பல பள்ளிகளில் சகஜம். 200 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? 'மெட்ராஸ் முறை'. அந்தப் பெயருக்குக் காரணம் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார்.

முடிதிருத்துபவரின் மகன்

1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்தவர் பெல். அப்பா முடிதிருத்துபவர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் ஆசிரியர் வேலை பார்த்துவிட்டு, 1787-ல் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ராணுவத்தினரின் ஆதரவற்ற மகன்கள் படித்த இடம் அது. அங்கே அவர் சம்பளம் வாங்கவில்லை.

மணலில் கிடைத்த ஐடியா

ஒருநாள் வழியில் உள்ளூர் பள்ளி ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பேப்பர் வேண்டாம், மை வேண்டாம். தப்பாகிவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

இதையே தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் முடியவே முடியாது என்றுவிட்டார். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற 8 வயது மாணவனைக் கூப்பிட்டு, அந்த வகுப்பை அவனிடமே கொடுத்தார். பெரியவருக்கு வராதது சிறுவனுக்கு வந்தது!

எப்படி நடந்தது பாடம்?

வகுப்பில் இருவர் இருவராக ஜோடி. நன்றாகப் படிப்பவன் பக்கத்தில் திணறுபவன். பாடம் சின்னச் சின்னதாக இருக்கும். ஒன்று முழுசாக வந்த பிறகுதான் அடுத்தது. பிரம்புக்குப் பதிலாக, தவறுகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு. அதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதும் மாணவர்களே. சொல்லிக் கொடுப்பவனும் அதே பாடத்தை இரண்டாவது முறை கற்கிறான் என்பதுதான் பெல்லின் அடிப்படைக் கணக்கு.

லண்டனில் 'மெட்ராஸ்'

1796-ல் ஊர் திரும்பியவர், மறு ஆண்டே இதைப் புத்தகமாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையில் லண்டனில் பள்ளி நடத்த, யார் முதலில் கண்டுபிடித்தது என்று பெரிய சண்டையே நடந்தது.

ஆனால் நம்ம ஊர் திண்ணைப் பள்ளிகளில் வாத்தியாருக்கு உதவியாக, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மூத்த மாணவனுக்கு ஒரு பெயர் உண்டு: சட்டாம்பிள்ளை. மணல் உள்ளூர் பள்ளியில் பார்த்தது என்று ஒப்புக்கொண்ட பெல், மாணவனே ஆசிரியர் என்பதை மட்டும் தன் கண்டுபிடிப்பு என்றார்.

இடறிய இடம்

எழுத்தைச் சுலபமாக்கிய அதே பெல், ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கட்டாயம் தேவையில்லை, வாசிப்பே போதும் என்ற கருத்தை 1805-ல் முன்வைத்தார். அதிகம் படித்தால் ஏழைகள் தங்கள் நிலையில் திருப்தி அடைய மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. ஃப்ரிஸ்கனும் ஒரு சாதாரண சிப்பாயின் மகன்தான்!

1832-ல் பெல் இறந்தபோது, அவரது முறையில் 12,000-க்கும் அதிகமான பள்ளிகள் நடந்தன. அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி இன்றும் இயங்குகிறது. அதன் பெயர், மெட்ராஸ் கல்லூரி.