உலகோடு கூடிப் படித்தவர்

ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றிப் படிக்கும்போது அதன் உறுப்புகளின் பெயர்களையும் அவை அமைந்த நகரங்களையும் நாம் மனப்பாடம் செய்கிறோம். அச்சபைக்காக இரவு பகலாக உழைத்தவர்களைப் பற்றி அதிகம் அறிவதில்லை. அவர்களுள் ஒருவர், 1971-இல் மறைந்த டாக்டர் ரால்ஃப் பஞ்ச். 1950-ஆம் ஆண்டின் சமாதான நோபல் பரிசு இவருக்குக் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவரே. போரிட்ட நாடுகளைச் சமரசம் செய்விக்கும் கலையை இவர் எங்கே கற்றார் என்று தேடிப் பார்த்தோம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்த ரால்ஃப், 1917-இல் தாயை இழந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு அழைத்துச் சென்று அவரை வளர்த்தவர் பாட்டி லூசி ஜான்சன். உருவில் சிறியவர், உறுதியில் பெரியவர். ரால்ஃப் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். தலைமையாசிரியர் பாட்டியிடம், பையனைக் கறுப்பினத்தவனாக நாங்கள் நினைத்ததே இல்லை என்று புகழ்ச்சியாகச் சொன்னாராம். பாட்டிக்கு அது புகழ்ச்சியாகப் படவில்லை. தம் இனத்தைப் பற்றித் தமக்குப் பெருமையே உண்டு என்பதை அவருக்கு முகத்துக்கு நேராகவே உணர்த்தினார். நகரின் சிறந்த மாணவர் சங்கத்தில் நிறத்தின் காரணமாகப் பேரனுக்கு இடம் மறுக்கப்பட்டது அவர் மனத்தில் இருந்திருக்கும் போலும்.

பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையில் சேர்ந்து, கூடைப்பந்து ஆடியும் உடற்பயிற்சிக் கூடத்தைத் துப்புரவு செய்தும் படித்தார். அங்கே சொற்போர் மன்றம் அவருக்குக் கதவை அடைத்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கவில்லை. நண்பர்களைச் சேர்த்து வேறொரு மன்றம் தொடங்கிவிட்டார். (1969-இல் அதே பல்கலைக்கழகம் தன் பெரிய கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது.) 1927-இல் சர்வதேச உறவுகளைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு முதல்வராகப் பட்டம் பெற்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. போகத்தான் பணமில்லை. உள்ளூர்க் கறுப்பினப் பெண்கள் சங்கம் ஒன்று 1000 டாலர் திரட்டிக் கொடுத்தது.

ஹார்வர்டில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, பிரான்சு ஆண்ட இரு ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றியது. ஒன்று சாதாரணக் குடியேற்ற நாடான தஹோமி; மற்றொன்று, சர்வதேச சங்கத்தின் மேற்பார்வையில் இருந்த டோகோலாந்து. மேற்பார்வையால் மக்களுக்கு நன்மை உண்டா? நேரில் சென்று பார்த்தார். பெரிய வேறுபாடு காணவில்லை. 1934-இல் டாக்டர் பட்டமும் பரிசும் கிடைத்தன.

பட்டம் பெற்ற பிறகுதான் அவருடைய உண்மையான படிப்பு தொடங்கியது என்பது எங்கள் எண்ணம். அரசாங்கக் காகிதங்களைப் படித்தால் ஆள்பவரைப் புரியலாம், ஆளப்படுபவரைப் புரிவது எப்படி? அதற்காக மானிடவியல் கற்க விரும்பி, 1937-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் மாலினோவ்ஸ்கி என்னும் பேராசிரியரின் கருத்தரங்கில் போய் அமர்ந்தார். பேராசிரியர் போலந்து நாட்டவர். மாணவர்களோ பல தேசத்தவர். அவர்களுள் கென்யாவின் கிக்குயூ இனத்தவரான ஜோமோ கென்யாட்டாவும் ஒருவர். பிற்காலத்தில் கென்யாவின் முதல் ஜனாதிபதி ஆனவர்தான்! தம் மக்களின் வாழ்வையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு அங்கே படித்துக்கொண்டிருந்தார். வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழகத் துறைக்கே தலைவராயிருந்த ரால்ஃப், கென்யாட்டாவிடம் சுவாஹிலி மொழிப் பாடம் கேட்டார். ஆசிரியராக இருந்தவர் மீண்டும் அரிச்சுவடியில் தொடங்குவது எளிதன்று.

அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்திற்கும், 1938-இல் கென்யாவுக்கும் சென்றார். லண்டன் நட்பு அங்கே வீடுகளைத் திறந்துவிட்டது. கிக்குயூ மக்கள் அவருக்குக் கரியோக்கி என்று பெயர் வைத்தனர். இறந்தவர்களிடமிருந்து திரும்பி வந்தவர் என்பது அதன் பொருள். அடிமைகளாக அள்ளிச் செல்லப்பட்டவர்களின் பேரன் ஒருவன் ஊர் திரும்பினால் வேறெப்படி அழைப்பார்கள்?

இப்படிச் சேர்த்த அறிவு வீண்போகவில்லை. 1945-இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தில், சுயாட்சி பெறாத நாடுகளைப் பற்றிய பகுதிகளை உருவாக்குவதில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது.

1948-இல் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. சமரசத்திற்குச் சென்ற சுவீடன் நாட்டுப் பெர்னடோட் பிரபு, செப்டம்பர் 17 அன்று ஜெரூசலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் இருந்திருக்க வேண்டிய ரால்ஃப், பயணம் தாமதமானதால் உயிர் தப்பினார். அந்தப் பணி அவர் தோள்மேல் விழுந்தது. 1949 ஜனவரியில் ரோட்ஸ் தீவில் பேச்சு தொடங்கியது. இரு தரப்பினரும் ஒரே ஹோட்டலில் தங்கியிருந்தும் நேருக்கு நேர் பேசத் தயங்கினர். ரால்ஃப் ஒவ்வொருவர் அறைக்கும் நடந்தார். நள்ளிரவு தாண்டியும் பொறுமையாகக் கேட்டார். ஓய்வு நேரத்தில் அவர்களோடு பில்லியர்ட்ஸ் ஆடினார். பெரிய பிரச்சினையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒத்துக்கொள்ளக் கூடிய சிறியவற்றில் முதலில் கையொப்பம் வாங்கினார்.

இடையில் உள்ளூர்க் குயவரிடம் அழகிய பீங்கான் தட்டுகள் செய்வித்து வைத்திருந்தார். ஒருவரிடம் அவற்றைக் காட்டி, உடன்படிக்கை முடிந்தால் இவை உங்களுக்கு நினைவுப் பரிசு, முடியாவிட்டால் உங்கள் தலைகளிலேயே உடைப்பேன் என்று வேடிக்கையாகச் சொன்னாராம். பிப்ரவரி 24 அன்று எகிப்தும் இஸ்ரேலும் கையொப்பமிட்டன. ஜூலைக்குள் லெபனானும் ஜோர்டானும் சிரியாவும் போர்நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டன. தட்டுகளுள் ஒன்றுகூட எவர் தலையிலும் உடையவில்லை.