கான்சாகிபு விட்டுச்சென்ற பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோர் ஆண்டாள் கோயில் கோபுரத்தைக் கண்டு வியப்பார்கள். திரும்பும்போது பால்கோவா வாங்கிச் செல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது ஒரு கோட்டை ஊர் என்பது இன்று பலரின் நினைவில் இல்லை. மதுரையிலிருந்து தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குச் செல்லும் படைகளுக்கு இக்கோட்டை ஒரு முக்கியமான தங்குமிடம். இதைத் தன்வசப்படுத்திக் காவல்படை நிறுத்தியவர் முகம்மது யூசுப் கான். மதுரை மக்களுக்கு அவர் கான்சாகிபு. இன்றைய தலைமுறைக்கு மருதநாயகம்.

அவரைப் பற்றி எழுதும்போது எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவனால் வெறும் புகழுரை எழுதிவிட முடியாது. நெற்கட்டுஞ்செவல் புலித்தேவனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். புலித்தேவனோடு அணிசேர்ந்த பாளையங்களுள் ஒன்றான கொல்லங்கொண்டான், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அந்தப் பாளையங்களை அடக்கியவர் யூசுப் கான். பின்னர் அதே ஆங்கிலேயரை எதிர்த்து நின்று தூக்கிலிடப்பட்டவரும் அவரே. ஆகவே, அவரை வீரர் என்பாரும் உண்டு, கூலிப்படைத் தலைவர் என்பாரும் உண்டு. அந்த வழக்கை நான் இங்கே தீர்த்துவைக்கப் போவதில்லை. படை ஒன்றை உருவாக்குவதிலும் வழிநடத்துவதிலும் அவர் வாழ்க்கை காட்டும் உண்மையைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

ராமநாதபுரம் சீமையின் பனையூரில், 1725-ஆம் ஆண்டையொட்டி, வேளாளர் குடும்பத்தில் மருதநாயகம் பிள்ளையாகப் பிறந்தவர் அவர் என்பது பெருவழக்கு. இளமையில் வீட்டை விட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, பல இடங்களில் ஊழியம் பார்த்தார். நெல்லூரில் இருந்தபோது, தானே திரட்டிய சிப்பாய்களுடன் 1752-இல் கிளைவின் கீழ் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்தார். அவரிடம் குலப்பெருமை இல்லை, பரம்பரைப் பாளையம் இல்லை. தாம் சேர்த்த ஆள்களும் தம் திறமையும் மட்டுமே அவருடைய மூலதனம்.

அக்காலத்துத் தென்னகப் படைகளில் வீரத்துக்குக் குறைவில்லை, ஒழுங்குக்குத்தான் குறைவு. போர் வந்தால் ஆள் திரட்டுவார்கள், அறுவடை வந்தால் ஆள் கலைந்துவிடுவார்கள். சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். 1748-இல் இந்தியா வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ் மாற்ற முயன்றது இந்த நிலையைத்தான். அணிவகுப்பு, ஒரே நேரத்தில் சுடுதல், கட்டளைக்குக் காத்திருத்தல், சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக் என்ற படிநிலை ஆகியவை சிப்பாய்களிடையே வேரூன்றின. அந்தப் பயிற்சியை முழுமையாக உள்வாங்கிக்கொண்டவர்களில் முதன்மையானவர் யூசுப் கான்.

ஆனால், அணிவகுப்புத் திடலில் கற்றதை மட்டும் வைத்து அவர் பெயர் பெறவில்லை. 1753, 1754-ஆம் ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளியைச் சுற்றி மைசூர்ப் படையும் பிரெஞ்சுப் படையும் நின்றபோது, கோட்டைக்குள் இருந்தவர்களுக்குச் சோறுதான் முதல் கவலை. புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்து காட்டு வழிகளில் தானிய வண்டிகளையும் பொதிமாடுகளையும் எதிரியின் கண்ணில் படாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தப் பணியில் யூசுப் கான் தனித்து விளங்கினார். வழி தெரிந்தவர், மொழி தெரிந்தவர், உளவு அறிந்தவர் அவர். லாரன்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் அவரை மனமாரப் பாராட்டியிருக்கிறார்.

சிறப்புப் படை என்ற சொல் அன்று இல்லை. ஆனால் செயல் இருந்தது. சிறு குழுவாக நகர்தல், இருளைத் துணைகொள்ளுதல், உள்ளூர்த் தகவலை நம்புதல், எதிரியின் உணவு வழியை அறுத்தல் ஆகிய நான்கும் இன்றைய சிறப்புப் படைப் பயிற்சியின் அடிப்படைகள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த நான்கும் பெரிய அளவில் அரங்கேறின. தெற்கிலிருந்து படையுடன் வந்த யூசுப் கான், செங்கல்பட்டில் இருந்த கேப்டன் பிரெஸ்டனுடன் சேர்ந்து, முற்றுகையிட்டவர்களையே வெளியிலிருந்து அலைக்கழித்தார். அவர்களுக்கு வந்த உணவும் கால்நடையும் வழியிலேயே மறிக்கப்பட்டன. துரத்தினால் விலகுவதும், திரும்பினால் மீண்டும் தாக்குவதுமாக இரண்டு மாதங்கள் கழிந்தன. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர, லாலி முற்றுகையைக் கைவிட்டார். கோட்டைச் சுவர் எவ்வளவு காத்ததோ, அவ்வளவு இந்த வெளிப்படையும் சென்னையைக் காத்தது.

இதே காலத்தில்தான், தனித்தனிக் குழுக்களாக இருந்த சிப்பாய்கள் பட்டாலியன்களாக ஒழுங்கமைக்கப்பட்டனர். இன்றைய மதராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை 1758-ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. ஆனால், பட்டாலியன்கள் உருவானபோது அவற்றின் தலைமை ஐரோப்பிய அதிகாரிகளிடம் சென்றது. சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராக உயர்த்தப்பட்டு, தங்கப் பதக்கம் பெற்ற ஒருவருக்கும் மேலே ஒரு கூரை இருந்தது. எவ்வளவு திறமை காட்டினாலும் அதற்குமேல் அவர் உயர முடியாது. இந்தியர் ஒருவர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாவதற்கு, 1949 ஜனவரி 15-இல் கரியப்பா பொறுப்பேற்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திறமைக்கு உரிய இடத்தை நிறுவனம் தராதபோது, அந்தத் திறமை தனக்கென ஓர் இடத்தைத் தேடும். 1759-இல் மதுரைக்குத் திரும்பிய யூசுப் கான், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தை ஏற்றார். கொள்ளையை ஒடுக்கினார், வரி வசூலை ஒழுங்குபடுத்தினார், மீனாட்சி அம்மன் கோயிலின் உரிமைகளை மீட்டுத் தந்தார். 1759 இறுதியில் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்றுத் திரும்பியவர், 1761-இல் அதையும் நெற்கட்டுஞ்செவலையும் வென்றார். தோல்விக்குப் பின் படையைக் கலையவிடாமல் மீண்டும் அதே கோட்டையின் முன் நிறுத்தியது பயிற்சியின் பலன். அந்தப் பலனுக்கு எங்கள் முன்னோர் கொடுத்த விலையையும் நான் மறக்கவில்லை.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்கு இந்த வளர்ச்சி பொறுக்கவில்லை. கம்பெனியும் நவாபின் பக்கம் சாய்ந்தது. 1763-இல் யூசுப் கான் வெளிப்படையாக எதிர்த்து நின்று, மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அவருக்குப் பயிற்சி அளித்த படையே அவர்மீது வந்தது. முதல் முற்றுகை பயனின்றிக் கலைந்தது. 1764 ஜூன் 26-இல் மேஜர் சார்லஸ் கேம்பெல் தலைமையில் நடந்த பெரும் தாக்குதலை மதுரைக் கோட்டை முறியடித்தது. அவர் பழக்கிய சிப்பாய்கள் அன்று பின்வாங்கவில்லை. பயிற்சியின் தரத்துக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இருந்திருக்க முடியாது. அதில் அவர்கள் தேறினார்கள்.

தேறாமல் போனது எது? தாக்கி வெல்ல முடியாத கோட்டையை ஆங்கிலேயர் சுற்றி வளைத்து உணவை அடைத்தார்கள். திருச்சிக்குச் சோறு கொண்டுவந்தவரின் கோட்டைக்குள் பசி புகுந்தது. லாலிக்கு எதிராக அவர் கையாண்ட உத்தியே அவர்மீது திரும்பியது. பசியோடு சந்தேகமும் சேர்ந்தது. சரணடைவதைப் பற்றிப் பேசிய பிரெஞ்சுத் தளபதி மார்ஷாந்தை யூசுப் கான் சாட்டையால் அடித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அக்டோபர் 13-ஆம் தேதி மார்ஷாந்தும் திவான் சீனிவாச ராவும் உள்ளிட்ட சிலர் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தனர். அக்டோபர் 15-இல் மதுரைக்கு வெளியே நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

இந்த முடிவைத் துரோகத்தின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். நான் அதைத் தலைமையின் கதையாகவும் படிக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன், 1754-இல், யூசுப் கான்மீதே துரோகப் பழி விழுந்தது. கம்பெனியின் துபாஷியான பொன்னியப்பன் பொய்க் கடிதம் ஒன்றை உருவாக்கி, அவர் மைசூருடன் சேர்ந்து சதி செய்வதாகக் காட்ட முயன்றான். லாரன்ஸின் தரப்பு ஆத்திரத்தில் முடிவெடுக்கவில்லை. விசாரித்தார்கள், பொய் வெளிப்பட்டது, பொன்னியப்பன் தண்டிக்கப்பட்டான். சந்தேகத்துக்கு ஆளானவர் மானத்தோடு திரும்பி வந்து, முன்னினும் மேலாகப் பணியாற்றினார். விசாரணை தன்னைக் காப்பாற்றியதை அறிந்த அதே மனிதர், மதுரையில் நெருக்கடி முற்றியபோது சாட்டையைக் கையில் எடுத்தார். சிப்பாய்களுக்குச் சுடவும் நிற்கவும் கற்பித்தவர், தம்முடன் முரண்படும் உடனிருப்போரின் சொல்லைக் கேட்கும் பழக்கத்தைத் தமக்குக் கற்பித்துக்கொள்ளவில்லை. அவருடைய படையில் தரம் குறைந்த இடம் அடிமட்டம் அன்று, உச்சி.

இன்றைக்கும் இது பொருந்துகிறது. 1965 போரில் மேஜர் மேக் சிங் திரட்டிய மேக்தூத் படையின் அனுபவத்திலிருந்துதான் அடுத்த ஆண்டு 9-ஆவது பாராசூட் கமாண்டோ பட்டாலியன் பிறந்தது. சிறப்புப் படைகளில் சேர விரும்புவோரில் பெரும்பாலோர் தேர்வுக்காலத்திலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஆள் பற்றாக்குறை என்று சொல்லித் தரத்தைத் தளர்த்தக் கூடாது என்பது அங்கே எழுதாச் சட்டம். அதோடு, அதிகாரிகளும் வீரர்களுடன் அதே தேர்வுக்கு உட்பட வேண்டும். தூங்காமல் நடப்பதிலும் சுமை சுமப்பதிலும் பதவிக்குச் சலுகை இல்லை. தலைவனும் அதே தேர்வில் தேறியவன் என்ற நம்பிக்கைதான் இருளில் ஆறு பேரை ஒருவன் பின்னால் நடக்கவைக்கிறது.

விருதுநகர் மாவட்டத்து மைதானங்களில் விடியற்காலையில் ராணுவத் தேர்வுக்காக ஓடிப் பழகும் இளைஞர்களை நான் நாள்தோறும் காண்கிறேன். 1.6 கி.மீ. ஓட்டத்தில் சில நொடிகளைக் குறைக்க அவர்கள் படும் பாடு பெரிது. பலர் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோரும் ஒருவகையில் கண்டிப்பான ஒழுங்கு தேவைப்படும் களத்தில்தான் வேலை செய்கிறார்கள். மருந்துக் கலவை அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு கலவை வைத்திருக்கலாம், எந்த வேலையை எந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. விதியைக் கற்பிக்கப் பயிற்சி வகுப்பும் உண்டு. இருந்தும் 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களை இழந்தோம். அதற்குப் பிறகும் வெடிச் சத்தம் கேட்டு ஊரே ஆலையை நோக்கி ஓடும் நாள்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெரிய விபத்து ஒவ்வொன்றுக்கும் பிறகு தொழிலாளருக்குப் பயிற்சி போதவில்லை என்று பேசுகிறோம். தீபாவளி நெருங்கும்போது உற்பத்தியைக் கூட்டச் சொல்பவருக்கு என்ன பயிற்சி, என்ன தேர்வு என்று கேட்பதில்லை. அறையில் ஆள் கூடுதலாக இருக்கிறது என்று ஒரு தொழிலாளி சொன்னால், ஃபோர்மேன் வேலையை நிறுத்துவாரா? நிறுத்தினால் அவர் வேலையில் நீடிப்பாரா? பயிற்சியின் தரத்தை அளக்கும் கேள்விகள் இவையே. கீழே இருப்பவர் சொல்லும் எச்சரிக்கை மேலே இருப்பவர் காதில் ஏறாத இடத்தில், அது கோட்டையானாலும் ஆலையானாலும், எத்தனை மணி நேர வகுப்பும் பயன் தராது.

ஆகவே, தரம் பற்றிய ஆய்வு மேலிருந்து தொடங்கட்டும். படைப்பிரிவானால் பயிற்றுநரும் தளபதியும் ஆண்டுதோறும் அதே தேர்வை எழுதட்டும். அதே தூரம் நடக்கட்டும். ஆலையானால் உரிமையாளரும் மேலாளரும் ஃபோர்மேனும் தொழிலாளரோடு ஒரே வகுப்பில் அமரட்டும். தவறைச் சுட்டிக்காட்டியவரைக் காக்கும் விசாரணை முறையும் இருக்கட்டும். 1754-இல் அப்படியொரு விசாரணை ஒரு நல்ல படைத்தலைவரைக் காப்பாற்றியது. 1764-இல் மதுரைக் கோட்டைக்குள் அது இல்லாமல் போனது.