மயிலை சீனி. வேங்கடசாமி

சமணரல்லாத குடும்பத்தில் 1900-இல் மயிலாப்பூரில் பிறந்தவர் சீனி. வேங்கடசாமி. தொடக்கப்பள்ளி ஆசிரியர். மணம் புரியாது, பள்ளிப்பணி போக எஞ்சிய பொழுதெல்லாம் கல்வெட்டும் இலக்கியமும் ஆய்ந்தார். கிறித்துவம், பௌத்தம் பற்றி எழுதியபின், 1954-இல் ‘சமணமும் தமிழும்’ வெளியிட்டார். நம் முன்னோர் வாழ்ந்த ஊர்களைத் தொகுத்துரைக்கும் அந்நூல், எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கும் விளங்கும் நடையினது. புலவர் பலருக்கு அது கைவருவதில்லை. நாமே எழுதியிருக்க வேண்டிய வரலாறு!

பல்லாவரத்துக் குடைவரையை அமைத்த மகேந்திரவர்மனைப் பற்றியும் தனிநூல் செய்தார். சமணம் தழைத்த களப்பிரர் காலத்தை இருண்ட காலம் எனப் பிறர் ஒதுக்கியதை ஏற்க மறுத்து, அதற்கென ஒரு நூலே எழுதினார். மறைந்துபோன தமிழ் நூல்களையும் தேடித் தொகுத்து 1959-இல் அளித்தார். சில பாடல்களே எஞ்சிய நம் வளையாபதியும் அதில் இடம்பெற்றது. 1980-இல் காலமானார்.