இரு உலோகங்களை இணைத்த ஜோன் ஹரிசன்

காலையில் தேநீருக்குக் கேத்திலைப் போடுகிறோம். தண்ணீர் கொதித்ததும் அது டக்கென்று தானாகவே நின்றுவிடுகிறது. அதற்குள் இருப்பது, இரு வேறு உலோகங்களைச் சேர்த்துச் செய்த ஒரு சிறு தகடு. சூடேறும்போது ஒன்று கூடுதலாக விரியும், மற்றது குறைவாக விரியும். பிரிந்துபோக வழியில்லாததால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. இந்த உத்தியின் மூலவர், எம்மைப் போலவே வெளியிலிருந்து லண்டனுக்கு வந்தவர். பெயர் ஜோன் ஹரிசன்.

1693 இல் யோர்க்ஷயரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். லிங்கன்ஷயரில் வளர்ந்து தாமும் தச்சரானார். மரத்தில் மணிக்கூடுகள் செய்தார். வெயில் நாளில் ஊசற்கம்பி நீண்டு மணிக்கூடு பிந்துவதைக் கவனித்தார். 1 மீற்றர் பித்தளைக் கம்பி 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.19 மில்லிமீற்றர் நீளும். உருக்குக் கம்பி 0.12 மில்லிமீற்றர்தான் நீளும். இரண்டையும் மாறி மாறி அடுக்கி, ஒன்றின் நீட்சியை மற்றது சரிக்கட்டும் ஊசலை அமைத்தார். எமது தொழிற்பாஷையில் சொன்னால், வரவையும் செலவையும் சமன்செய்தார்.

கடலில் நெடுங்கோட்டை அறிய வழி கண்டவருக்கு 20,000 பவுண் வரை பரிசு என 1714 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. ஆடும் கப்பலிலும், மாறும் வெப்பத்திலும் பிசகாத மணிக்கூடு ஒன்று இருந்தால் அது முடியும். 1730 அளவில் ஹரிசன் அந்த எண்ணத்துடன் லண்டன் வந்தார். முன்பின் அறியாத அந்தக் கிராமத்தவருக்கு, புகழ்பெற்ற மணிக்கூட்டுக் கலைஞர் ஜோர்ஜ் கிரகாம் கடன் கொடுத்து உதவினார்.

முதல் கடல் மணிக்கூடு 1735 இல் முடிந்தது. மூன்றாவதோடு 19 ஆண்டுகள் போராடினார். அது கடைசிவரை அவருக்குத் திருப்தி தரவில்லை. ஆனால் பித்தளைப் பட்டையையும் உருக்குப் பட்டையையும் தறைந்து ஒன்றாக்கிய இரட்டை உலோகத் தகடு பிறந்தது அதற்குள்தான். வெயிலில் வளைந்து, குளிரில் நிமிர்ந்து, அது சுருள்வில்லைத் தானே திருத்தியது.

அந்தத் தகடும் சேர்ந்த நான்காவது கருவி, ஒரு பெரிய சட்டைப்பைக் கடிகாரம் போன்றது. 1761 இல் அவரது மகன் வில்லியம் அதனுடன் ஜமேக்கா சென்றார். 81 நாட்களில் பிந்தியது ஏறத்தாழ 5 செக்கன் மட்டுமே. ஆனாலும் சபையினர் மேலும் சோதனைகள் கேட்டனர். 1765 இல் 10,000 பவுண் கிடைத்தது. மீதிக்காக முதுமையில் மன்னரிடமும் பாராளுமன்றத்திடமும் போனார். 1773 இல் 8,750 பவுண் கிடைத்தது. 1776 இல் ஹோபர்னிலுள்ள ரெட் லயன் சதுக்கத்து வீட்டில் காலமானார்.

இன்றைய விமானங்களில் காபன் நாரையும் அலுமினியத்தையும் பசையால் ஒட்டும்போதும் இதே சங்கதிதான். சூட்டில் பசை இறுகுகிறது. ஆறும்போது அலுமினியம் கூடுதலாகச் சுருங்கும். நாரோ அதன் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. இழுபறி இணைப்புக்குள்ளேயே தங்கிவிடும். மேலே பாரம் ஏதும் இல்லை, வெளியே விரிசலும் இல்லை. உயரத்துக் கடுங்குளிரில் அது இன்னும் கூடும். ஐந்தொகையில் எழுதப்படாத கடனைப் போன்றது அது. பொறியியலாளர் எந்த உலோகத்தையும் குறை சொல்வதில்லை. அந்தக் கடனை முன்கூட்டியே கணக்கில் எடுக்கிறார்.

எமது வீடுகளிலும் இது உண்டு. வெயில் நாட்டில் உருவான நாம் இந்தக் குளிர்நாட்டோடு ஒட்டிக்கொண்டோம். பிள்ளைகள் ஒரு அளவில் மாறுகிறார்கள், நாம் இன்னொரு அளவில். இதில் எவர் மீதும் பிழையில்லை. இல்லை என்று மறைக்கும்போதுதான் இணைப்பின் ஓரம் வெடிக்கிறது.

2009 இல் நாம் இரவுபகலாக நின்ற பாராளுமன்றச் சதுக்கத்தின் அருகே வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம் இருக்கிறது. அதன் தரையில் 2006 இல் ஹரிசனுக்கு ஒரு நினைவுக்கல் பதித்தார்கள். அதன் குறுக்கே இரு உலோகங்களால் ஒரு கோடு ஓடுகிறது. அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று காட்டுவோம். அவர் திருப்தியில்லாமல் விட்ட 19 ஆண்டு உழைப்புத்தான் இன்றும் எமது குசினியில் டக்கென்று சத்தம் போடுகிறது என்று சொல்வோம்.