தகரத்தில் தொடங்கிய ரயில்

தலைமன்னார் ரயில் 1990 இல் நின்ற பின் பிறந்தவள் நான். எங்களுக்கு ரயில் என்றால் முற்றத்து மணலில் இழுத்த மீன்டின்; சோடாமூடிதான் சில்லு.

1863 இல் லிவர்பூலில் பிறந்த பிராங்க் ஹோர்ன்பியும் தகரத்தில்தான் தொடங்கினார். இறைச்சி இறக்குமதியாளர் ஒருவரிடம் கணக்கெழுதியவர். இரண்டு மகன்மாருக்காகத் தகரத்தை வெட்டி, சம இடைவெளியில் துளையிட்டு, போல்ட் நட் பூட்டிப் பாலமும் கிரேனும் செய்தார். கழற்றிய துண்டையே இன்னொன்றாகப் பூட்டலாம், சூட்சுமம் அதுதான். முதலாளியிடம் 5 பவுண் கடன்பட்டு 1901 இல் காப்புரிமை எடுத்தார். அதுவே பின்னர் மெக்கானோ ஆனது. 1920 இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்கள் வந்தன. (எங்கள் அப்பாமாரால் வாங்க ஏலாதவை.) 1931 இல் பாராளுமன்றம் போனவர், 1936 இல் இறந்தார்.

வடக்கிலும் தண்டவாளங்களைக் கழற்றினார்கள், பங்கர் மூட. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்பியபோது நான் முதலில் குனிந்து பார்த்தது சில்லுகளைத்தான்.