கணித மேதை இராமானுசனின் நோய்க்காலம்

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் 'வேங்கட விலாசம்' என்னும் இல்லத்தில் 1919 ஏப்ரல் திங்களில் ஒரு நோயாளியைக் குடியேற்றினர். அகவை 31. உடல் மெலிந்து, முகம் வாடிப்போயிருந்தது. கப்பலில் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து இரயிலில் சென்னை சேர்ந்தவர், எட்வர்டு எலியட்ஸ் சாலையில் (இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை) ஒரு வழக்கறிஞரின் மாளிகையில் சில நாள் தங்கி, பிறகு இவ்வில்லத்திற்கு வந்தார். இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினர், கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வறிஞர் என்னும் பெருமைகள் அவருக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தன. காண வந்தோர் பலர். வந்தோர் அனைவரும் கேட்டிருக்கக்கூடிய முதற்கேள்வி, உடம்புக்கு என்ன என்பதே. அக்கேள்விக்கு இங்கிலாந்து மருத்துவர்கள் இரண்டாண்டுகளாகத் தந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை.

சீனிவாச இராமானுசனின் வரலாற்றை எழுதியோர் பலரும் அவருடைய கணிதத்திற்குப் பல பக்கங்களை ஒதுக்கி, நோயை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். காசநோயால் மறைந்தார் என்னும் ஒரு தொடர் பள்ளிப் பாடநூல்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆயினும் அந்த மூன்றாண்டுத் துன்பத்தை நெருங்கிப் பார்க்கின், ஒரு மனிதர் தம் உடலுக்குள் நிகழ்வதைப் பிறர்க்குச் சொல்லுவது எத்துணை அரிது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

1887 திசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர் அவர். கணிதம் ஒன்றையே பற்றிக்கொண்டதால் கல்லூரித் தேர்வுகளில் தவறியதும், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராய் அமர்ந்ததும், பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், 1914 மார்ச்சில் கப்பலேறியதும் யாவரும் அறிந்தவை. அவற்றுள் நோய்க்கதைக்கு வேண்டியவை இரண்டே. 1906இல் பச்சையப்பன் கல்லூரியில் பயின்ற காலத்தில் அவருக்குச் சீதபேதி கண்டது. படிப்பை விட்டு ஊர் திரும்பிப் பல வாரம் கிடந்தார். 1910இன் தொடக்கத்தில் விரைவீக்கத்திற்கு அறுவை செய்துகொள்ள நேர்ந்தது. குடும்பத்திடம் பணம் இல்லை. மருத்துவர் ஒருவர் கட்டணம் பெறாமல் செய்து கொடுத்தார். இரண்டும் அக்காலத் தமிழ்க் குடும்பங்களில் பெரிதாகப் பேசப்படும் செய்திகள் அல்ல. வந்தன, போயின என்று விடப்பட்டவை.

1917ஆம் ஆண்டு இளவேனிலில் கேம்பிரிட்ஜில் நோய் வெளிப்பட்டது. முதலில் இரைப்பைப் புண் என்றனர். பிறகு காசநோய் என்றனர். குருதியில் நச்சுக் கலந்துள்ளதோ என்றும் ஐயுற்றனர். விட்டுவிட்டு வரும் இரவுக்காய்ச்சலும் உடல் மெலிவும் மட்டுமே எல்லார் கண்ணுக்கும் ஒரேபடியாய்த் தெரிந்தவை. வெப்பமானி அளந்து சொல்லியதால் காய்ச்சலைப் பற்றி எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. வலியை அளக்கும் கருவியோ எவரிடமும் இல்லை. நோயாளியின் வாய் ஒன்றே கருவி. அந்த வாய் இயல்பிலேயே தன்னைப் பற்றிப் பேசக் கூசுவது.

இவ்விடத்துத் தமிழ்ச் சொல்வளத்தைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். வயிறு ஒன்றுக்கே கடுப்பு, குத்தல், எரிச்சல், பிசைதல், முறுக்கல், இழுத்துப் பிடித்தல் எனப் பல உள. மூட்டுக்கு உளைச்சலும் குடைச்சலும், கண்ணுக்கு உறுத்தல், பல்லுக்குக் கூச்சம், பழுத்த புண்ணுக்கு விண்விண்ணென்று தெறித்தல். இவை அணிக்காகச் சொல்லப்படுவன அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நோயை நோக்கி விரல் நீட்டுவது. சீதபேதிக்கே வயிற்றுக்கடுப்பு என்பது நம் வழக்கு. வலியின் பெயரே நோயின் பெயராயிற்று. கும்பகோணத்துப் பாட்டி ஒருத்தி அச்சொல்லைக் கேட்டால், இது முன்னும் வந்ததுண்டா என்றுதான் அடுத்துக் கேட்டிருப்பாள். கணித நூல்களிலும் தேர்வுத்தாள்களிலும் பழகிய ஆங்கிலம் இச்சொற்களைத் தருவதில்லை. இராமானுசன் ஆங்கிலத்தில் தம் தேற்றங்களைச் சொல்லத் தடுமாறியவர் அல்லர். தேற்றத்தைச் சொல்லும் ஆங்கிலம் வேறு, குடலைச் சொல்லும் ஆங்கிலம் வேறு.

1917 இலையுதிர் காலத்தில் மெண்டிப் குன்றுகளில் உள்ள காசநோய் இல்லத்திற்குச் சென்றார். அதனை நடத்தியவர் சவுரி முத்து என்னும் இந்திய மருத்துவர். 1914இல் இராமானுசன் சென்ற அதே கப்பலில் பயணம் செய்தவர். (இவரே பின்னாளில், 1928இல், தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவியவர் என்பது சென்னையார் பலரும் அறியாதது.) அங்கும் இராமானுசன் நெடுநாள் தங்கவில்லை. அடுத்து டெர்பிஷயரில் மேட்லாக் இல்லம். திறந்த காற்றே மருந்து என்று நம்பிய காலம் அது. குளிரில் நடுங்கும் தென்னாட்டவர்க்குக் கணப்பும் மறுக்கப்பட்டது. உணவோ அதனினும் பெருந்துன்பம். போர்க்காலம், சைவ உணவு அரிது, சமைப்போர்க்குத் தென்னாட்டுச் சுவை தெரியாது. மருத்துவர் சொல்வதைக் கேட்பதில்லை என்னும் குறை அவர்மேல் எழுந்தது. விதியை நம்பும் இந்திய மனமே காரணம் என ஹார்டியும் கருதினார். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் மாதத்திற்கு ஒரு நோய்ப்பெயரைக் கேட்ட ஒருவர், எந்தப் பெயரை நம்பி எந்தப் பத்தியத்தைக் காப்பார்?

இலண்டன் மருத்துவர் பேட்டி ஷா ஒருவர்தாம் பழைய அறுவையைக் கண்டறிந்தவர். பிற மருத்துவர்க்கு அச்செய்தி தெரிந்திருக்கவில்லை. சொல்லப்படாத ஒன்று ஒருவழியாய் வெளிவந்தது. எனினும் அதிலிருந்து அவர் கட்டிய முடிவு பிழையானது. அன்று நீக்கப்பட்டது புற்றுக்கட்டி என்றும், அது இப்போது கல்லீரலில் பரவியுள்ளது என்றும் அவர் எண்ணினார். மாதங்கள் சென்றும் அப்படி எதுவும் நேராமையால் அக்கருத்துக் கைவிடப்பட்டது. 1910இன் அறுவையைத் தேடிக் கண்டவர்கள், 1906இன் வயிற்றுக்கடுப்பின் பொருளைக் காணாது போனார்கள்.

1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் நிலத்தடி இரயில் நிலையம் ஒன்றில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். ஹார்டி தலையிட்டு வழக்கின்றி மீட்டார். தாய் கோமளத்தம்மாளுக்கும் மனைவி ஜானகிக்கும் இடையிலிருந்த பிணக்கால், ஜானகி எழுதிய கடிதங்கள் கணவரைச் சென்று சேரவில்லை. உடல் நோவும் போர்க்காலத் தனிமையும் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அவ்வாண்டு சூன் திங்களில் ஏ. எஸ். இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியாளர் மேட்லாக் சென்று சில நாள் உடனிருந்தார். திரும்பியதும் ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதி, நோயாளியின் நிலையையும் உணவுக் குறையையும் விரிவாக எடுத்துரைத்தார். மருத்துவர்க்கு வாய்க்காத விவரங்கள் ஒரு பொறியாளர்க்கு வாய்த்தமைக்குத் தாய்மொழி ஒன்றே காரணம் என்று சாதிக்க வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து கேட்டதும் ஒரு காரணம்.

புட்னி மருத்துவ இல்லத்திற்கு ஹார்டி வந்ததும், தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 சுவையற்றது என்றதும், இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என இராமானுசன் உடனே மறுத்ததும் உலகம் அறிந்த கதை. மேதைமைக்குச் சான்றாகவே அதனை எல்லாரும் சொல்வர். படுக்கையருகே வந்த நண்பர்க்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. படுத்திருந்தவர்க்கும் நோவைப் பேச விருப்பமில்லை. இருவரும் எண்ணைப் பற்றிக்கொண்டு கரையேறினர் என்றும் அக்கதையைப் படிக்கலாம். எவ்வெண்ணையும் நண்பனைப் போல் அறிந்தவரின் வலிக்கு அன்று எண் எதுவும் இல்லை. இன்று மருத்துவமனைகளில் பூச்சியம் முதல் பத்துவரை உன் வலி எத்தனை என்று கேட்கும் வழக்கம் உளது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து அறிஞர் மெல்சாக், எண் மட்டும் போதாதெனக் கண்டு, வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக வகுத்துப் பட்டியல் வெளியிட்டது 1975இல். மேட்லாக்கின் படுக்கைக்கு அது 57 ஆண்டு பிந்தியது.

மயிலாப்பூரில் மூன்று மாதம் கழிந்தது. கோடையின் கடுமைக்கு அஞ்சிக் காவிரிக்கரைக் கொடுமுடிக்கும், பிறகு கும்பகோணத்திற்கும் சென்றனர். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் பி. எஸ். சந்திரசேகர் வந்து பார்த்தார். காசநோய் என்றே அவரும் முடிவு செய்தார். 1920 சனவரியில் மீண்டும் சென்னை. சேத்துப்பட்டில் முதலில் ஒரு வீடு, பிறகு கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருக்குச் சொந்தமான வீடுகள். அவற்றுள் 'கிரைனண்ட்' என்னும் வீட்டின் பெயரில் அழுகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒலித்தமையால் அது வேண்டாமென்று, 'கோமேத்ரா' என்னும் வீட்டிற்கு மாறினர். சேத்துப்பட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், எல்லாம் சட்டுப்புட்டென்று முடிந்துவிடும் என்னும் பொருள்பட அவர் சொல் விளையாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. நோவைப் பற்றி அவர் மனந்திறந்து சொன்னதாக எஞ்சியிருப்பது இத்தகைய சிலேடையே. அதையும் கேட்டோர் சிரித்திருக்கமாட்டார்.

அந்த நான்கு மாதங்களில்தான், இன்றளவும் கணித உலகம் ஆய்ந்துவரும் போலித் தீட்டாச் சார்புகள் பிறந்தன. சனவரி 12ஆம் நாள் அவற்றைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். படுக்கையில் சாய்ந்தபடி எழுதுவார். தாள்களை ஜானகி எடுத்து, இங்கிலாந்திலிருந்து வந்த தோல்பெட்டியில் அடுக்குவார். வலி கடுமையாக இருந்த நாளிலும் எழுத்து நின்றதில்லை என்று அவ்வம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்தார். துன்பமே படைப்பைத் தந்தது என்று கவிஞர்கள் இதனை எளிதில் முடித்துவிடலாகாது. நலமாயிருந்த துறைமுக எழுத்தரும் அதே வேகத்தில் எழுதியவர்தாம். வலி அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டதுதான் மிகுதி.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்வோர் என மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்தவர் வள்ளுவர். முதல் மூன்றும் இங்கே ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. நான்காவது கூறு மட்டும் பிழையின்றி இயங்கியது. ஜானகிக்கு அப்போது 21 வயது நிரம்பிக்கொண்டிருந்தது. 10 வயதில் மணம் முடிந்தும், கணவரோடு வாழ்ந்த நாட்கள் மிகச் சில. சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் வேளை தவறாமல் தருவதும், வலிக்கிறது என்று அவர் சொன்ன நேரம் காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் அவர் பணி. எந்த நோய், எத்தனை வலி என்று அவர் அளந்துகொண்டிருக்கவில்லை. எங்கே என்பது தெரிந்தால் போதுமானதாக இருந்தது.

1920 ஏப்ரல் 26ஆம் நாள் காலையில் இராமானுசன் மறைந்தார். அகவை 32.

1994இல் டி. ஏ. பி. யங் என்னும் ஆங்கில அறிஞர், அக்காலக் கடிதங்களில் சிதறிக்கிடந்த நோய்க்குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்து, அது காசநோய் அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாகவே இருத்தல் வேண்டும் என்று எழுதினார். முன்பு வந்த சீதபேதியின் எச்சம் உடலில் ஒளிந்திருந்து, பல்லாண்டு கழித்துக் கல்லீரலில் எழுவது அந்நோயின் இயல்பு. உடலைச் சோதித்து எழுதியதன்று ஆதலின் இதனையும் ஒரு கருத்தாகவே கொள்ளவேண்டும். ஆனால் அது சரியெனின், நெஞ்சை அறுக்கும் செய்தி ஒன்றுண்டு. அமீபா நோய்க்கு எமெட்டின் என்னும் மருந்தை ஊசிவழி செலுத்தும் முறையைக் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் 1912இலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார். இராமானுசன் கப்பலேறுவதற்கு இரண்டாண்டு முன்.

ஜானகி அம்மையார் சில ஆண்டுகள் பம்பாயில் உடன்பிறந்தாரோடு இருந்து, தையல் கற்று, சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தம் உழைப்பில் வாழ்ந்தார். தோல்பெட்டியிலிருந்த தாள்கள் பல்கலைக்கழகம் வழியே இங்கிலாந்து சென்றன. அவற்றுள் ஒரு கட்டு 1976இல் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியரால் கண்டெடுக்கப்பட்டு, தொலைந்த குறிப்பேடு எனப் பெயர் பெற்றது. அம்மையார் மறைந்ததும் 1994இல்தான். அந்தச் சேத்துப்பட்டு நாட்களில் ஒத்தடத்திற்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை அவர் பல்லாண்டு கழித்தும் தம்மிடமே வைத்திருந்தார்.