விடுதலைக்கு மறுநாள்: புக்கர் டி. வாஷிங்டனின் வாழ்க்கை



நம் மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை நன்கறிவர். அவர்கள் சுடுமணலில் கிடத்தப்பட்டு வதைக்கப்பட்டதையும், அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் விலை கொடுத்து அவர்களை விடுவித்ததையும், பாங்கு சொல்லும் பெரும்பேறு அவர்களுக்குக் கிட்டியதையும் தடையின்றிச் சொல்வர். ஜகாத் செலவிடப்பட வேண்டிய எட்டு வகைகளுள் அடிமைகளை விடுவிப்பதும் ஒன்று என்பதையும் கற்றிருப்பர். ஆனால் விடுதலை பெற்ற ஓர் அடிமை மறுநாள் காலையில் எங்கே சென்றான், எதை உண்டான், தன் பிள்ளையை எவ்வாறு படிக்கவைத்தான் என்னும் கேள்விகளைப் பிள்ளைகள் முன் நாம் வைப்பது அரிது.

1865ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிந்தபோது, அமெரிக்காவில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் இக்கேள்வியை எதிர்நோக்கி நின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்ட அவர்களுடைய முன்னோர்களுள் முஸ்லிம்களும் பலர் இருந்தனர். விடுதலை பெற்ற அம்மக்களுள் ஒருவரே புக்கர் டி. வாஷிங்டன். அவர் கிறிஸ்தவர், எனினும் கல்வியைக் கொண்டு ஒரு சமுதாயத்தை நிமிர்த்த முயன்ற அவரது வாழ்வில் நமக்கும் படிப்பினை உண்டு.

வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பண்ணையின் சமையற்காரியான ஜேன் என்னும் அடிமைப் பெண்ணுக்கு, ஏறத்தாழ 1856ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தை யாரென்று அவர் அறியார். அவருக்கு ஒன்பது வயதளவில், பண்ணையாரின் வீட்டு முன்றிலில் விடுதலை அறிவிப்பு வாசிக்கப்பட்டது. அழுகையும் ஆரவாரமுமாக இருந்த மக்கள், சில மணி நேரத்திற்குள் தத்தம் குடிசைகளில் கவலையுடன் அமர்ந்துவிட்டனர் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். வீடில்லை, நிலமில்லை, எழுத்தறிவில்லை. முதியோர் சிலர் இரகசியமாகப் பழைய எசமானிடமே சென்று யோசனை கேட்டனர்.

குடும்பம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குச் சென்றது. அங்கே சிறுவன் உப்பு உலையிலும், பின்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தான். உப்புப் பீப்பாய்களில் குறிக்கப்பட்ட 18 என்னும் எண்ணே அவன் முதன்முதலில் படிக்கக் கற்றது. அவ்வூரார் தம் பிள்ளைகளுக்காகத் தாங்களே பள்ளி தொடங்கினர். குடும்பந்தோறும் மாதச் சந்தா கொடுத்தது. ஆசிரியருக்கு வீடுதோறும் முறை வைத்து உணவும் தங்குமிடமும் அளித்தனர். நம் முன்னோர் மஹல்லாவில் ஹஜ்ரத்துக்கு முறை வைத்து உணவளித்த வழக்கத்தை இது நினைவூட்டும். தம் வேதத்தைத் தாமே படித்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்ற ஆவலில் முதியோரும் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தனர்.

மற்றப் பிள்ளைகள் தொப்பியணிந்து பள்ளிக்கு வந்தனர். மகனுக்குக் கடையில் தொப்பி வாங்கித் தரத் தாயிடம் பணமில்லை. கடன்பட விரும்பாத அவர், கைத்துணித் துண்டுகள் இரண்டை இணைத்துத் தாமே தைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் கேலி செய்தனர். எனினும் அத்தொப்பியை வாழ்நாள் முழுவதும் பெருமையுடன் அவர் நினைவுகூர்ந்தார். ஆசிரியர் பெயர் கேட்டபோது, குடும்பப் பெயரே இல்லாத அச்சிறுவன் வாஷிங்டன் என்று தானே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டான்.

1872ஆம் ஆண்டு, ஏறத்தாழ 500 மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டன் கல்விக்கூடத்தை நாடிப் புறப்பட்டார். வழியில் கைப்பணம் தீர்ந்தது. ரிச்மண்ட் நகரில் மரப்பலகை நடைபாதையின் அடியில் உறங்கி, பகலில் கப்பலில் சரக்கு இறக்கிப் பொருள் ஈட்டினார். ஹாம்ப்டனில் ஓர் அறையைக் கூட்டித் துடைக்கும் வேலையே அவருக்கு நுழைவுத் தேர்வாயிற்று. அதனை மும்முறை கூட்டி, நான்கு முறை துடைத்துத் தேர்வு பெற்றார். காவற்பணியாளராக உழைத்துக்கொண்டே 1875இல் படிப்பை முடித்தார்.

1881ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி ஊரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்க அவர் அழைக்கப்பட்டார். அப்பள்ளிக்கு முயன்றவர்களுள் முன்னின்றவர் லூயிஸ் ஆடம்ஸ் என்னும் தகரத் தொழிலாளி. அவரும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவரே. அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் அளித்தது. அதுவும் சம்பளத்திற்கு மட்டுமே. நிலமும் கட்டடமும் இல்லை. ஜூலை 4 அன்று ஒழுகும் கொட்டகை ஒன்றில் 30 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. மழை பெய்கையில் மாணவர் ஒருவர் குடை பிடிக்க, அவர் பாடம் கேட்டார்.

பின்னர் 100 ஏக்கர் பழைய பண்ணை 500 டாலருக்கு விலை பேசப்பட்டது. கடன் பெற்று முன்பணம் தந்து, ஐந்து மாதத்திற்குள் முழுத்தொகையும் அடைக்கப்பட்டது. வாழ்நாளின் சிறந்த பகுதியை அடிமையாகக் கழித்த மூதாட்டி ஒருவர், தாம் சேர்த்து வைத்த ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து பள்ளிக்குக் கொடுத்தார். படிக்க வந்தவர்கள் காடு வெட்டத் தயங்கியபோது, ஆசிரியரே கோடரியுடன் முன்னே நடந்தார். செங்கற்சூளை மும்முறை தோற்றது. நான்காம் சூளைக்காகத் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். சூளை வென்றது; கடிகாரம் மட்டும் திரும்பவேயில்லை. மாணவர்கள் அறுத்த செங்கல்லாலேயே வகுப்பறைகள் எழுந்தன. 1896இல் புகழ்பெற்ற வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அங்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

அவர் வாழ்வில் விவாதத்திற்குரிய பகுதியும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டுக் கொண்டிருந்த காலம் அது. 1895இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில், முதலில் தொழிலும் பொருளும் தேடுவோம், சமத்துவக் கோரிக்கை பின்னர் ஆகட்டும் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். வெள்ளையர் பாராட்டினர்; பள்ளிக்கு நன்கொடை பெருகியது. ஆனால் உரிமையை விட்டுக்கொடுத்துப் பெறும் உயர்வு நிலைக்காது என்று அறிஞர் டு போய்ஸ் 1903இல் கடுமையாக மறுத்தெழுதினார். வாக்குரிமைக்கான வழக்குகளுக்குப் புக்கர் மறைவாகப் பணம் அளித்து வந்தது பிற்காலத்தில்தான் வெளிப்பட்டது. உரிமையும் கல்வியும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை என்பதற்கு இவ்விருவரின் கருத்து மோதலே சான்று. சிறுபான்மையினராக வாழும் நமக்கு இதில் சிந்திக்க மிகுதியும் உண்டு.

1915 நவம்பர் 14 அன்று அவர் காலமானார். அப்போது டஸ்கீகியில் 100க்கும் மேற்பட்ட கட்டடங்களும், ஏறத்தாழ 1,500 மாணவர்களும் இருந்தனர். இன்று அது பல்கலைக்கழகமாக விளங்குகிறது. வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டுடன் இணைந்து அவர் தொடங்கிய திட்டத்தால், 1932க்குள் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. ஊர்மக்களும் தம் பங்காகப் பணமோ, நிலமோ, உழைப்போ அளித்தாக வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி.

விடுதலை அறிவிப்பை வாசித்து முடிக்கச் சில நிமிடங்கள் போதுமாயின. எழுத்தும் நிலமும் பெயரும் தேட ஒரு தலைமுறையே உழைக்க வேண்டியதாயிற்று. பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாளில், இந்த ஆறு முட்டைகளையும் நான்காம் சூளையையும் சேர்த்துச் சொல்வோமாக. பள்ளிவாசல் கல்வி நிதிக்கு வரும் சிறு தொகையையும் சிறிதென எண்ணாதிருப்போமாக. கல்வியையும் கண்ணியத்தையும் நம் சந்ததிகளுக்கு அல்லாஹ் நிறைவாக அருள்வானாக. ஆமீன்.